கலப்பு 4×400: வரிசையைப் பூட்டி வைத்தது சரியா?

சிண்டர் டிராக்

டோக்கியோ 2025 உலகத் தடகளப் போட்டியின் முதல் நாள் கலப்பு ரிலே பார்த்தீர்களா? இரண்டு ஆண், இரண்டு பெண், ஆளுக்கு 400 மீட்டர். அமெரிக்கா 3:08.80, நெதர்லாந்து 3:09.96, பெல்ஜியம் 3:10.61. நேரங்களில் குறையே இல்லை. ஆனால் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

2022இலிருந்து இந்தப் போட்டியில் ஆண், பெண், ஆண், பெண் என்று ஓடும் வரிசையை உலகத் தடகள அமைப்பே நிர்ணயித்துவிட்டது. அதற்கு முன்னால் யாரை எந்த லெக்கில் (ஒருவர் ஓடும் பங்கு) ஓடவிடுவது என்பது கோச்சின் விருப்பம். தோஹா 2019 இறுதியை நினைத்துப் பாருங்கள். போலந்து முதல் இரண்டு லெக்கையும் ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, பின்னிரண்டைப் பெண்களிடம் விட்டது. கடைசியில் யுஸ்டினா ஷ்வியென்டி-எர்செடிட்ஸ் பேட்டனை வாங்கியபோது அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் மற்ற நாடுகளின் ஆண்கள் துரத்தி வருகிறார்கள். பிடிப்பார்களா, மாட்டார்களா? டிராக்கில் அப்படி ஒரு துரத்தலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள், போலந்து 5ஆம் இடம். அமெரிக்கா 3:09.34இல் உலக சாதனையோடு ஜெயித்தது. இன்றும் எனக்கு அந்த ஓட்டம் என்றால் போலந்துதான் ஞாபகம் வரும்.

இனி அது நடக்காது. பேட்டிங் வரிசையை அம்பயரே எழுதிக் கொடுத்துவிட்டால் கேப்டனுக்கு என்ன வேலை? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

லேன் ஒன்பது

வரிசை கிடக்கட்டும் அண்ணா, இந்தப் போட்டியே எதற்கு என்பதுதான் என் கேள்வி. 2017 ஏப்ரலில் பஹாமாஸின் நசாவில் நடந்த உலக ரிலே போட்டியில்தான் முதல் முறையாக இதை நடத்திப் பார்த்தார்கள். பஹாமாஸ் சொந்த மண்ணில் 3:14.42 ஓடி ஜெயித்தது, கூட்டம் கொண்டாடியது, எல்லாம் சரி. அதே வருடம் ஜூன் 9ஆம் தேதி ஒலிம்பிக் கமிட்டி இதை டோக்கியோ ஒலிம்பிக் பட்டியலில் சேர்த்துவிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெண்கள் ஸ்டீப்பிள்சேஸ் (தடைகளும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர்) ஒலிம்பிக்குக்குள் வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? ஆண் பெண் எண்ணிக்கையைச் சமமாகக் காட்ட ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான்.

பாரிஸில் ஆண்கள் 50 கிலோமீட்டர் நடையை எடுத்துவிட்டுக் கலப்பு நடை ரிலே வைத்தார்கள். அது ஒரே ஒலிம்பிக்கோடு போய்விட்டது, லாஸ் ஏஞ்சலிஸில் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் நடந்து பழகியவர்களின் போட்டி போனது போனதுதான்.

புதுசு

தப்பாக நினைக்க வேண்டாம், நான் இப்போதுதான் தடகளம் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். நாலு பேர் நேரத்தையும் கூட்டினால்தானே மொத்த நேரம்? யார் முதலில் ஓடினாலும் கூட்டுத்தொகை மாறாதே. பிறகு வரிசைக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பிடி வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. காகிதத்தில் நீங்கள் சொல்வது சரி. டிராக்கில் அப்படி இல்லை.

கணக்கு சுலபமாக இருக்க, ஆணுக்கு 45 வினாடி, பெண்ணுக்கு 50 வினாடி என்று வைத்துக்கொள்வோம். பெண் வினாடிக்கு 8 மீட்டர் போகிறார், ஆண் கிட்டத்தட்ட 8.9. இருவரும் ஒரே நேரத்தில் பேட்டன் வாங்கினால் ஆண் கோட்டைத் தொடும்போது பெண்ணுக்கு இன்னும் 40 மீட்டர் பாக்கி. தோஹாவில் போலந்துக்குக் கிடைத்த முன்னிலை இப்படி வந்ததுதான். கடைசி லெக்கில் அது அப்படியே கரைந்தும் போகும். ஆக, கூட்டுத்தொகையில் அவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் ஓடுகிறவர் இயந்திரம் இல்லையே. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதைப் பிடிக்கக் கால் தானாக இழுக்கும். வெறும் டிராக்கைப் பார்த்துக்கொண்டு தனியாக ஓடுபவருக்கு, அதுவும் பின்னால் தன்னைவிட வேகமானவர்கள் வருவது தெரிந்தால், முதல் 200 மீட்டரை அளவுக்கு மீறி வேகமாக ஓடத் தோன்றும். அதற்கான விலையைக் கடைசி 100 மீட்டரில் கொடுப்பார்கள்.

அப்புறம் நெரிசல். முதல் ஆள் முழுக்கத் தன் லேனில் ஓட வேண்டும். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடிந்ததும் உள்லேனுக்கு வந்துவிடலாம். அந்த இடத்தில் சிலர் 8.9 வேகத்திலும் சிலர் 8 வேகத்திலும் ஒரே கோட்டுக்குப் பாய்ந்தால் இடிபடத்தான் செய்வார்கள்.

டிவியில் யாரும் சொல்லாத இன்னொன்று உண்டு. மூன்றாவது, நான்காவது ஆட்கள் பேட்டனுக்காகக் காத்து நிற்கிறார்களே, அவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது தெரியுமா? ஓடி வருகிறவர்கள் 200 மீட்டர் குறியைக் கடக்கும்போது எந்த இடத்தில் இருக்கிறார்களோ அந்த வரிசையில். முதலில் வருகிறவரின் ஆள் உள்பக்கம் நிற்பார். அதன் பிறகு இடம் மாறக் கூடாது. எல்லாரும் ஒரே வேகக்காரர்கள் என்றால் கடைசி 200இல் பெரிய மாற்றம் வராது. ஆணும் பெண்ணும் கலந்து ஓடினால்? மிச்ச 200 மீட்டருக்குப் பெண்ணுக்கு 25 வினாடி. அதற்குள் பின்னால் வரும் ஆண் 22 மீட்டர் வரை பிடித்துவிடுவார். நின்றவர்கள் ஒரு வரிசை, வந்து சேர்ந்தவர்கள் வேறு வரிசை. உள்ளே நிற்பவருக்கு வெளியிலிருந்தும், வெளியே நிற்பவருக்கு உள்ளிருந்தும் பேட்டன் வரும். கால் பின்னிக்கொள்ள இது போதாதா?

வரிசையைப் பூட்டியதற்கு இதெல்லாம் போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

ஸ்பிளிட் சேகர்

சிண்டர் அண்ணா, 'கோச்சின் விருப்பம்' என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

ஜகார்த்தா 2018 ஆசியப் போட்டியில் இந்தியா: முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், ஆரோக்கிய ராஜீவ். ஆண், பெண், பெண், ஆண்.

தோஹா 2019இல் அமெரிக்கா: வில்பர்ட் லண்டன், அலிசன் ஃபெலிக்ஸ், கோர்ட்னி ஒகோலோ, மைக்கேல் செர்ரி. அதேதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் போலந்து: கரோல் சலேவ்ஸ்கி, நடாலியா காச்மாரெக், யுஸ்டினா, கயெடான் துஷின்ஸ்கி. மறுபடியும் அதேதான். 3:09.87 ஓடித் தங்கம். வெள்ளி வாங்கிய டொமினிகன் குடியரசு, வெண்கலம் வாங்கிய அமெரிக்கா, எல்லாருக்கும் ஆண், பெண், பெண், ஆண்.

தோஹாவில் துணிந்த அதே போலந்து, இரண்டு வருடத்தில் ஊரோடு ஒத்துப்போய் யுஸ்டினாவை மூன்றாவது லெக்குக்கு மாற்றியது. அப்போதுதான் தங்கம் வந்தது. சுதந்திரம் இருந்த காலத்திலேயே கோச்சுகள் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பிறகு பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன?

சிண்டர் டிராக்

சேகர், பத்து அணியில் ஒன்பது ஒரே மாதிரி ஓடினால்தான் பத்தாவது அணிக்குப் பயம் வரும். அந்த 'ஒருவேளை' போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

நீச்சலைப் பாருங்கள். 2021 ஜூலை 31, டோக்கியோவில் ஒரே நாளில் டிரையத்லான் கலப்பு ரிலே, நீச்சல் கலப்பு மெட்லி (நாலு பேர், ஆளுக்கு ஒரு வகை நீச்சல்), நம் 4×400 மூன்றுக்கும் இறுதி. மெட்லியில் பிரிட்டன் 3:37.58இல் உலக சாதனை. அமெரிக்கா கேலெப் டிரெசலைக் கடைசிக்கு வைத்திருந்தது. பெரிய இடைவெளியில் தண்ணீரில் குதித்து, முன்னால் போகும் பெண்களை அவர் துரத்தினார். கடைசியில் 5ஆம் இடம்தான். ஆனால் பார்க்கிறவர்கள் நாற்காலி நுனியில் இருந்தார்கள். அங்கே ஆண் பெண் வரிசையை யாரும் பூட்டவில்லையே!

பிடி வாத்தியார்

அங்கே நடுவில் கயிறு இருக்கிறது ஐயா. எட்டு பேரும் எட்டு லேனில். ஒருவர் மேல் ஒருவர் மோத வழியே இல்லை.

கவிதா 400

எல்லாரும் கோச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓடுகிற பெண்கள் பக்கம் கொஞ்சம் வாருங்கள். நானும் கல்லூரி நாட்களில் 400 ஓடியவள்தான்.

ஆண், பெண், பெண், ஆண் என்ற வரிசையில் என்ன நடக்கும்? தொடங்குவது ஆண், முடிப்பது ஆண். நடுவில் இருக்கும் இரண்டு பெண்கள் பேட்டனைக் கீழே போடாமல் கொண்டு வந்து கொடுத்தால் போதும். போட்டோ ஃபினிஷில் வருவதும் ஆண்தான், மறுநாள் பத்திரிகையில் வருவதும் ஆண்தான். பூட்டு விழுந்த பிறகு கடைசி லெக் எப்போதும் பெண்ணுக்கு. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

யூஜீன் 2022. ஃபெலிக்ஸின் கடைசி உலகப் போட்டி. அமெரிக்கா தங்கத்தோடு அவரை வழியனுப்பத்தான் வந்தது. கடைசி லெக்கில் முன்னால் போன அமெரிக்காவின் கென்னடி சைமனை, டொமினிகன் குடியரசின் ஃபியோர்டலிசா கோஃபிலும் நெதர்லாந்தின் ஃபெம்கே போலும் தாண்டினார்கள். 3:09.82, 3:09.90, 3:10.16. மூன்று அணிக்கும் நடுவில் அரை வினாடிகூட இல்லை.

புடாபெஸ்ட் 2023. கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் அலெக்ஸிஸ் ஹோம்ஸ் பக்கத்தில் வர, ஃபெம்கே தடுமாறி விழுந்து பேட்டன் கையைவிட்டு ஓடியது. அமெரிக்கா 3:08.80, உலக சாதனை. நெதர்லாந்துக்கு ஒன்றுமில்லை. அதே இரவில் சற்று முன்னால்தான் 10,000 மீட்டரில் சிஃபான் ஹசனும் கடைசி மீட்டர்களில் விழுந்திருந்தார். டச்சுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாரிஸ் 2024. பேட்டன் வாங்கும்போது ஃபெம்கே 4ஆம் இடம். பெல்ஜியம், பிரிட்டன் எல்லாரையும் தாண்டி, கோட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்காவின் 19 வயது கேலின் பிரவுனையும் தாண்டி 3:07.43இல் தங்கம். அவர் லெக் மட்டும் 47.93.

இந்த மூன்றில் எது கொட்டாவி, சொல்லுங்கள் அண்ணா.

நம் ஊருக்கு வருகிறேன். திருச்சி சுபா வெங்கடேசன் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றாவது லெக். 2023 பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் கடைசி லெக். ராஜேஷ் ரமேஷ், ஐஸ்வர்யா மிஸ்ரா, அமோஜ் ஜேக்கப், சுபா. 3:14.70, தேசிய சாதனை, தங்கம். அதே வருடம் ஹாங்சோ ஆசியப் போட்டியிலும் முடித்தது அவர்தான். வரிசையைப் பூட்டியதால்தான் இந்திய அணியின் கடைசி லெக் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. நீங்கள் கேட்கும் சுதந்திரம் இருந்திருந்தால் அவர் இன்றும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

லேன் ஒன்பது

பாரிஸ் ஓட்டம் அருமை, அதில் வாதமே இல்லை. ஆனால் அது ஃபெம்கே என்ற ஒரு ஆளின் அருமை. போட்டியின் அருமை என்று சொல்ல முடியுமா?

கவிதா 400

உசைன் போல்ட் ஓடிய காலத்தில் 100 மீட்டரைப் பற்றி இப்படிக் கேட்டீர்களா?

வடமராட்சியான்

அண்ணைமார், அக்காமார், ஹாங்சோ எண்டு தொட்டிட்டியள், அதனால் வாயைத் திறக்கிறேன். அந்த இறுதியில் இலங்கை இரண்டாவதாக வந்தது. பஹ்ரைனுக்கு அடுத்தது நாங்கள்தான். இந்தியா மூன்றாவது. பிறகு லேன் மீறல் என்று எங்களை நீக்கிவிட்டார்கள். வெள்ளி உங்களுக்கு, வெண்கலம் கஜகஸ்தானுக்கு, எங்களுக்கு வெறுங்கை. ஓடின பெடியள் பெட்டையளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1,600 மீட்டர் ஓடி வாங்கினது ஒரு கோட்டை மிதித்ததால் போகிறது எண்டால் வயிறு எரியத்தானே செய்யும்.

அதற்குச் சில மாதம் முன்னால் பாங்காக்கில் கவிதா அக்கா சொன்ன ஓட்டத்திலும் இரண்டாவது இலங்கைதான். ஆசியாவில் இந்தப் போட்டி எண்டால் எங்களையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கோ.

ஸ்பிளிட் சேகர்

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். பஹ்ரைன் 3:14.02, இந்தியா 3:14.34. இந்த மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள் நுழைந்துதான் இலங்கை இரண்டாவதாக வந்தது.

ஜகார்த்தா கதை தெரியுமா? 2018இல் பஹ்ரைன் தங்கம், இந்தியா 3:15.71இல் வெள்ளி. பேட்டனைக் கொடுத்துவிட்டு பஹ்ரைனின் கெமி அடெகோயா டிராக்கிலேயே விழுந்தார், ஹிமா தாஸின் வழி மறிந்தது. இந்தியா எதிர்ப்பு மனு கொடுத்தது, எடுபடவில்லை. பிறகு அடெகோயா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்கு வருடத் தடை வாங்கினார். 2020இல் இந்தியாவின் வெள்ளி தங்கமானது. அனஸ், பூவம்மா, ஹிமா, ராஜீவ் நால்வரும் மேடையில் நின்று கேட்டது பஹ்ரைனின் தேசிய கீதம்.

ஆக, ஆசியப் போட்டிக் கலப்பு ரிலேயில் இந்தியாவின் இரண்டு பதக்கங்களும் ஓட்டம் முடிந்த பிறகு ஒரு படி ஏறியவை. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் கோடு.

சிண்டர் டிராக்

சுபா விஷயம் யோசிக்க வைக்கிறது கவிதா. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு வழியும் உண்டு. 'கடைசி லெக் பெண்ணுக்கு' என்று மட்டும் விதி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் கோச்சிடம் விட்டால் என்ன? முதலில் பெண்ணை விடுகிறவர் விடட்டும்.

பிடி வாத்தியார்

விட்டால் நான் முன்பு சொன்ன இரண்டாவது லெக் நெரிசல் அப்படியே திரும்பி வரும். உள்லேனுக்குப் பாயும் இடத்தில் பாதிப் பேர் ஆண், பாதிப் பேர் பெண்.

லேன் ஒன்பது

வரிசையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். இந்த ஓட்டம் பெண்களைத்தான் அதிகம் பிழிகிறது. ஹாங்சோவில் கோவை வித்யா ராம்ராஜைப் பாருங்கள். அக்டோபர் 2 காலை 400 மீட்டர் தடை ஓட்ட ஹீட்டில் (தகுதிச் சுற்று) 55.42, பி.டி. உஷாவின் தேசிய சாதனைக்குச் சமம். அதே நாள் மாலை கலப்பு ரிலே இறுதி. மறுநாள் தடை ஓட்ட இறுதியில் 55.68, வெண்கலம். அதற்கு மறுநாள் பெண்கள் 4×400, வெள்ளி. தடை ஓட்ட இறுதிக்கு முந்தைய நாள் மாலை கலப்பு ரிலே ஓடாமல் காலை நீட்டிப் படுத்திருந்தால் உஷாவின் சாதனை உடைந்திருக்காதா?

பாரிஸிலும் அதே கதை. ஃபெம்கே அந்த ஜூலையில்தான் தடை ஓட்டத்தில் 50.95 ஓடியிருந்தார். ஒலிம்பிக்கில் கலப்பு ரிலே தங்கத்துக்குப் பிறகு தடை ஓட்ட இறுதியில் 52.15, வெண்கலம். சிட்னி மெக்லாக்லின் கலப்பு ரிலே பக்கமே போகவில்லை. 50.37, உலக சாதனை. யார் புத்திசாலி?

ஸ்பிளிட் சேகர்

அப்படியென்றால் டோக்கியோ 2025ஐ எங்கே வைப்பீர்கள்? கலப்பு ரிலேயில் கடைசி லெக் ஓடி வெள்ளி வாங்கிய அதே ஃபெம்கே, சில நாள் கழித்துத் தடை ஓட்டத்தில் 51.54 ஓடித் தங்கம் வாங்கினார். ஒரு வருடம் ஒத்து வருகிறது, மறுவருடம் ஒத்து வரவில்லை.

கவிதா 400

அதோடு, வித்யாவிடம் மூன்று பதக்கத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாரா? ஆசியப் போட்டிப் பதக்கம் என்றால் வேலை, பதவி உயர்வு, அரசின் ஊக்கத்தொகை எல்லாம் அதோடு வருகிறது. தனி ஓட்டத்தில் இறுதிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு ரிலேதான் கதவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மதுரை சக்கிமங்கலம் ரேவதி, பாட்டி வளர்த்த பெண், பள்ளிக் காலத்தில் வெறுங்காலோடு ஓடியவர். கலப்பு ரிலே என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த வருடம் அவர் ஒலிம்பிக்குக்குப் போயிருக்க முடியாது.

லேன் ஒன்பது

போனார், சந்தோஷம். ஆனால் அனஸ், ரேவதி, சுபா, ராஜீவ் ஓடியது 3:19.93. ஹீட்டில் கடைசி. தோஹாவில் வேறு அணி 3:16.14 ஓடி வாங்கித் தந்த இடம் அது. நாலில் மூன்று தமிழர் என்று நாம் கொண்டாடியதைத் தவிர என்ன மிச்சம்?

கவிதா 400

மிச்சம் சொல்கிறேன். ஹாங்சோ அணி அஜ்மல், வித்யா, ராஜேஷ் ரமேஷ், சுபா. மறுபடியும் நாலில் மூன்று பேர் நம்மவர்கள். நேரம் 3:14.34. இரண்டு வருடத்தில் ஐந்தரை வினாடி குறைந்திருக்கிறது. 2024இல் பாங்காக்கில் நடந்த ஆசிய ரிலே போட்டியில் 3:14.12. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகரான ராஜேஷ்தான் புடாபெஸ்டில் ஆண்கள் அணியின் கடைசி லெக் ஓடி 2:59.05இல் ஆசிய சாதனையை முடித்தார். 2025 குமி ஆசிய சாம்பியன்ஷிப் அணியில் சந்தோஷ்குமார், விஷால், சுபா மூன்று பேரும் தமிழ்நாடு, நான்காவது ரூபல் சௌத்ரி. அங்கேயும் தங்கம்.

சிண்டர் டிராக்

குமியில் 3:18.12. அதையும் சேர்த்துச் சொல்லம்மா. தங்கம் தங்கம்தான், ஆனால் உலக அளவில் அந்த நேரத்துக்கு மதிப்பு இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் கலப்பு அணியே இல்லை என்பதும் உண்மை. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் தகுதி பெற்றன, இது மட்டும் இல்லை.

புதுசு

இன்னொரு கேள்வி கேட்கலாமா? கலப்பு உலக சாதனை ஆண்கள், பெண்கள் சாதனைக்கு நட்ட நடுவில் இருக்குமா?

ஸ்பிளிட் சேகர்

இதை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் 4×400 உலக சாதனை 2:54.29, அமெரிக்கா 1993. பெண்கள் 3:15.17, சோவியத் யூனியன் 1988. நடு 3:04.73. கலப்பில் பாரிஸ் ஹீட்டில் அமெரிக்கா ஓடியது 3:07.41. வெர்னன் நார்வுட், ஷமியர் லிட்டில், பிரைஸ் டெட்மன், கேலின் பிரவுன். நடுவைவிட 2.7 வினாடி அதிகம். அந்த 2.7 வினாடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ஹோட்டல் அறையில் ஓய்வெடுக்கும் நட்சத்திரங்களிடம். தனிப் போட்டிகள் முன்னால் இருக்கும்போது முதல் நாளே எல்லாரையும் இறக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் டொமினிகன் குடியரசு மாதிரி நாடுகள் ஜெயிக்கின்றன. அவர்கள் மரிலைடி பவுலினோவை ஒளித்து வைப்பதில்லை. யூஜீனில் கலப்பு ரிலே தங்கம் வாங்கிவிட்டு, அதே வாரம் 400இல் வெள்ளியும் வாங்கினார்.

இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான். நாலு ஆண்கள் அல்லது நாலு பெண்களைத் தேற்ற முடியாத சின்ன நாடு, இரண்டும் இரண்டும் சேர்த்து அமெரிக்காவை ஜெயிக்கலாம்.

வடமராட்சியான்

ஓமோம், இது நூற்றுக்கு நூறு. எங்களுக்கும் அதுதான் நம்பிக்கை.

லேன் ஒன்பது

இது ஒன்றுதான் இதுவரை சொன்னதில் என்னை அசைத்த வாதம்.

சரி, லாஸ் ஏஞ்சலிஸில் கலப்பு 4×100 வேறு சேர்த்திருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2025 மே மாதம் குவாங்ஜோ உலக ரிலேயில் பார்த்தேன். கனடா 40.30, ஜமைக்கா 40.44, பிரிட்டன் 40.88. பெண்கள் 4×100 உலக சாதனையே 40.82. இரண்டு ஆண்களைச் சேர்த்தும் அரை வினாடிதான் குறைந்திருக்கிறது.

ஸ்பிளிட் சேகர்

ஆண்கள் சாதனை 36.84, பெண்கள் 40.82, நடு 38.83. முழுப் பலத்தோடு அமெரிக்காவும் ஜமைக்காவும் வந்தால் 40 வினாடி எல்லாம் நிற்காது. குவாங்ஜோவில் ஓடியவர்கள் நல்ல ஓட்டக்காரர்கள்தான், ஆனால் அது முதல் முயற்சி.

புதுசு

அதிலும் ஆண், பெண், ஆண், பெண்தானா?

பிடி வாத்தியார்

இல்லை தம்பி. ஜெயித்த கனடாவைப் பார்த்தால் முதல் இரண்டும் பெண்கள், பின்னிரண்டும் ஆண்கள். 4×100 முழுக்க அவரவர் லேனில்தான் என்பதால் நெரிசல் பிரச்சினை கிடையாது. அங்கே தலைவலி கைமாற்றம்.

4×400இல் வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து வாங்கலாம். வருகிறவர் தள்ளாடி வந்தாலும் நின்று வாங்கிவிடலாம். 4×100இல் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் டிராக்கில் ஒட்டி வைத்த டேப்பை, வருகிறவர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும். கை பின்னால் நீளும், பேட்டன் வந்து விழ வேண்டும். இருவர் வேகமும் அந்த நொடியில் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும்.

ஆண், பெண், ஆண், பெண் என்று வைத்தால் மூன்று கைமாற்றமும் வேறுபட்ட வேகக்காரர்களுக்கு நடுவில். பெண், பெண், ஆண், ஆண் என்றால் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று, இரண்டாவது ஆளிடமிருந்து மூன்றாவது ஆளுக்கு. அந்த ஒன்றுதான் கோச்சின் தூக்கத்தைக் கெடுக்கும். ஆண் வழக்கமான டேப்பை நம்பிக் கிளம்பினால் பெண் எட்டும் முன்பே ஓடிவிடுவார், பேட்டனை மாற்ற வேண்டிய 30 மீட்டர் வட்டாரமும் முடிந்துவிடும். அதனால் டேப்பைத் தன் பக்கமாக இரண்டு மூன்று அடி நெருக்கி வைக்க வேண்டும், அதாவது கொஞ்சம் தாமதமாகக் கிளம்ப வேண்டும். ரொம்ப நெருக்கினால் பெண் வந்து முதுகில் மோதுவார்.

சிண்டர் டிராக்

பார்த்தீர்களா, கோச்சுக்கு வேலை வந்துவிட்டது!

கவிதா 400

பி.டி. சார், அந்த அடிக்கணக்கை எப்படி முடிவு செய்வது? எங்கள் ஊர் கிளப்பில் அடுத்த மாதம் கலப்பு 4×100 ஓடிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது லெக் நான்.

பிடி வாத்தியார்

முதலில் உங்கள் இருவரையும் தனித்தனியாக 30 மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. அவர் நின்ற இடத்திலிருந்து, நீங்கள் முழு ஓட்டத்தில். அந்த இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் நீங்கள் எத்தனை மீட்டர் போவீர்களோ, டேப் அவருக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். இது வட்டாரத்தின் கடைசியில் பிடிக்கிற கணக்கு. கொஞ்சம் முன்னாலேயே மாற்ற வேண்டும் என்பதால் அதிலிருந்து ஒரு மீட்டர் குறைத்து ஆரம்பியுங்கள். பயிற்சியில் களைத்த பிறகு அளக்காதீர்கள், புத்துணர்ச்சியோடு இருக்கும்போது அளங்கள். அப்புறம், உங்களிடம் வாங்குகிற பையன் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கிற ஆள் என்றால் அவரை நான்காவது லெக்குக்கு அனுப்பாதீர்கள், அங்கேயும் வாங்கத்தான் வேண்டும். வேறு ஆளைத் தேடுங்கள்.